பேச்சு இல்லாத துண்டுகள்

சிலாபத்தில் நான் வேலை செய்த பதினான்கு மாதமும், நான் ஒரு தேங்காய் மில்லின் அலுவலகத்தில் இருப்பதாகத்தான் எங்கள் ஒழுங்கை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. புத்தளத்தில் பாலாவிச் சந்திக்குக் கிட்ட, தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்கள் குடியேறிய ஒழுங்கை அது. நான் பிறந்தது அங்கேதான். வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். வாப்பா மவுத்தாகி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. வேலை கிடைத்த அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது உம்மா போன் எடுத்தார்.

"என்ன மகள், கிடச்சிட்டா?"

"ஓம் உம்மா."

"என்ன வேல?"

பஸ் ஒரு மில்லுக்கு முன்னால் நின்றது. வாசலில் தேங்காய் மட்டை மலைபோலக் குவிந்து கிடந்தது. "தேங்காய் மில்லொண்டுல, ஒப்பீஸுல எழுதுற வேல" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உண்மையைச் சொல்லக்கூடாது என்று அதற்கு இரண்டு மணித்தியாலம் முன்புதான் பதினொரு பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தேன்.

உண்மையான வேலை இதுதான். சிலாபம் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே ஓர் அறை. சன்னல்களுக்கு உட்புறமாக மண்ணிறக் கடுதாசி ஒட்டியிருந்தது. பலகையால் தடுத்த நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியூட்டர், ஒரு ஹெட்போன். அதில் மனிதர்கள் பேசுவது துண்டு துண்டாக வரும். நாலு விநாடி, பத்து விநாடி, கூடினால் அரை நிமிடம். கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு துண்டை மூன்று தரம் கேட்கலாம். அதற்குப் பிறகு அது போய்விடும். திரும்ப எடுக்க முடியாது. கம்பியூட்டருக்குத் தமிழ்ப் பேச்சு பழக்குவதற்கு என்று சொன்னார்கள். யாருக்காக, எந்த நாட்டுக்காக என்று சொல்லவில்லை. புத்தளம், மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் பேச்சு விளங்குகிற ஒருத்தி தேவைப்பட்டதால் என்னை எடுத்திருந்தார்கள். மற்ற மூவரும் வேறு வேறு ஊர்ப் பேச்சுக்கு. ஒருவர் பேரை ஒருவர் கேட்டதில்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டவர் முன்னேஸ்வரத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்று. மிஸ் என்று கூப்பிடுவோம். முதல் நாளே எனக்குச் சொன்னார்: "இங்க கேக்கிறது இங்கயே இருக்கோணும். வீட்டில சொல்லக்கூடாது. நாளைக்குக் கலியாணம் முடிச்சா அவருக்கும் சொல்லக்கூடாது. தெரிஞ்ச குரல் ஏதும் வந்தா, தெரியாத குரல் எண்டு நினைச்சு எழுதுங்கோ."

"அப்பிடி வருமா மிஸ்?"

"வராது," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மில் என்று சொன்ன பொய் தானாக வளர்ந்தது. எந்த மில் என்று கேட்டவர்களுக்கு பஸ்ஸில் கண்ட அந்த மில்லின் பெயரையே சொன்னேன். பக்கத்து வீட்டுத் தாத்தா மில்லிலிருந்து நல்ல தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். இல்லை என்று எப்படிச் சொல்வது? சிலாபம் சந்தையில் வாங்கி, கடைப் பெயர் இருந்த ஒட்டுத்தாளை பஸ்ஸில் இருந்தபடியே நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாதம் நான்கைந்து போத்தல் கொண்டுவர வேண்டியதாயிற்று. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளி தன் தம்பிக்கு அந்த மில்லில் வேலை கேட்டாள். முதலில் பார்க்கிறேன் என்றேன். பிறகு ஆள் எடுக்கவில்லை என்றேன். மூன்றாம் தரம் அவள் போன் எடுத்தபோது நான் தூக்கவில்லை. "பெரிய இடத்துக்குப் போயிட்டாய்" என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதோடு சரி. பத்து வருடக் கூட்டு இல்லாத ஒரு மில்லால் முடிந்தது.

வேலையும் ஆரம்பத்தில் பயமாக இருக்கவில்லை. யாரோ ஒருவர் மீன் விலை சொல்வார். ஒரு பிள்ளை சூரத்து ஓதும். கற்பிட்டியில் வெங்காயம் அழுகிய கதை வரும். எனக்குப் பிடிக்காமல் போனது பேச்சு இல்லாத துண்டுகள்தான். யாரோ போனின் பொத்தானை அமர்த்திவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்திருப்பார்கள். மூச்சு மட்டும் கேட்கும். மின்விசிறி, தூரத்துக் காகம், கதிரை இழுபடும் சத்தம். அதற்கென்று திரையில் ஒரு பொத்தான் இருந்தது: பேச்சு இல்லை. அதை அமர்த்தினால் போதும். ஆனால் முழுவதையும் கேட்டால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். அரை நிமிடம் ஒரு மனிதர் என் காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார்; சொல்லமாட்டார். அந்த ஆளுக்குத் தன் வாசலில் ஒருத்தி நிற்பது தெரியாது. சில நாட்களில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன், என் மூச்சு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்பதுபோல.

பத்தாம் மாதம் அப்படி ஒரு துண்டு வந்தது. தையல் மெஷின் ஓடி நிற்கும் சத்தம். யாரோ பெருமூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே சூன் பாண் வண்டியின் பாட்டு. பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிற அந்த முச்சக்கரவண்டிகள் எல்லாவற்றிலும் ஒரே மெட்டுத்தான். ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற வண்டியின் ஸ்பீக்கர் பழுது. மெட்டின் நடுவில் விக்கல் எடுத்ததுபோல் ஒருதரம் நின்றுதான் மிச்சத்தைப் பாடும். அந்தத் துண்டிலும் நின்றது. நின்று, பாடியது.

இரண்டாம் தரம் கேட்டேன். மெஷினின் மிதிபலகை மூன்றாம் மிதிக்கு ஒருதரம் கிறீச்சிட்டது. எங்களுடைய மெஷின். அது எங்கள் வீடு. நான் இல்லாத நேரத்து எங்கள் வீடு. நான் பிறந்து வளர்ந்த அறையின் சத்தத்தை, அதற்குள் நான் இல்லாதபோது அது எப்படி இருக்கும் என்பதை, அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க மனம் வரவில்லை. பேச்சு இல்லை என்பதை அமர்த்தினேன்.

எப்படி வந்தது என்று அன்று பின்னேரம் பஸ்ஸில் யோசித்தபோதுதான் விளங்கியது. மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்ட என் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, காது கேட்காதவர். அவரோடு போனில் கதைக்க முடியாது. எழுதித்தான் அனுப்ப வேண்டும். உம்மாவுக்கு எழுத்துக் கூட்டி எழுதப் பொறுமையில்லை. அதனால் நான்தான் உம்மாவின் போனில், பேசினால் எழுத்தாக்கித் தருகிற இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன். சம்மதமா என்று அது கேட்டபோது, ஓர் எழுத்தும் வாசிக்காமல் சம்மதம் என்று தட்டியவளும் நான்தான்.

அதை அன்றைக்கே அழித்திருக்கலாம். ஏன் அழிக்கிறாய் என்று உம்மா கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. இன்னும் ஒரு துண்டு வருமா என்று பார்க்கிற ஆசை எனக்குள் வந்துவிட்டது. அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது துண்டு ஒரு கிழமை கழித்து வந்தது. அதே மெஷின், எங்கள் சுவர் மணிக்கூடு. திடீரென்று ஓர் ஆம்பிளை இருமினார். ஆழமான, சளி கட்டிய இருமல். எங்கள் வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லை. வாப்பா கடைசி மாதங்களில் அப்படித்தான் இருமினார். வாப்பாவின் பழைய கதிரை மெஷினுக்குப் பக்கத்தில்தான் இன்னும் கிடக்கிறது. இருமலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்ததுபோல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். கீழே கடையில் யாரோ சேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதில் ஏறிய பிறகுதான் எழும்ப முடிந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் வாப்பாவின் கதிரையைத்தான் முதலில் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

"இண்டைக்கு ஆராச்சும் வந்தாங்களா உம்மா?"

"ஆரு வாறது? ஒருத்தரும் வரல," என்றார் உம்மா. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சொன்னார். "மில்லுல வேல கூடவா மகள்? முகம் வெளிறிப்போய் இரிக்கி."

அந்த நாட்களில் உம்மாவிடம் ஒரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. காலையில் நான் பஸ்ஸுக்குப் போக முன்னர், ஒரு கோப்பைத் தண்ணீரில் ஏதோ ஓதி ஊதிக் குடிக்கக் கொடுப்பார். கண்ணூறு பட்டிருக்கும் என்பார். நான் குடித்து முடிக்கும்வரை கோப்பையை அல்ல, என் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது துண்டில் இருமலுக்குரிய ஆள் பேசினார். ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருக்கும், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர். சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அடிக்கடி போய்வருபவர். வாப்பாவின் கூட்டாளி.

"மூணு நாளும் பாத்துட்டன் ராத்தா. மில்லுப் பக்கமே போறல்ல. புடவக் கடைக்கி மேல ஏறுறா. சன்னலுக்கெல்லாம் கடுதாசி ஒட்டியிரிக்கி. உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு கடைக்காரனுக்கும் தெரியாது."

இருபத்தொரு விநாடி. உம்மாவின் குரல் அதில் இல்லை. உம்மா ஏதோ பேசத் தொடங்கிய நேரத்தில் அவர் உள்ளே வந்திருக்க வேண்டும். பொத்தான் அமர்த்தியபடியே கிடந்திருக்கிறது.

அதை நான் எழுதினேன். ஒரு மனிதர் என்னை மூன்று நாள் பின்தொடர்ந்ததை, எந்த அறைக்குள் என்று அவர் சொன்னாரோ அதே அறைக்குள் இருந்துகொண்டு, உம்மாவை அக்காவாக அவர் கூப்பிட்ட ராத்தா என்பதற்குக் கால் சரியாகப் போட்டு எழுதினேன். இருமலுக்குரிய குறியையும் போட்டேன். பிறகு சன்னலைப் பார்த்தேன். கடுதாசியின் ஒரு மூலை உரிந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. போய் அதை ஒட்டிவிட்டு வந்து இருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் போனதும் மிஸ்ஸிடம் கேட்டேன். "தெரிஞ்ச குரல் வந்தா உண்மையா என்ன செய்யோணும் மிஸ்?"

அவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "வந்ததா?"

நான் சன்னலின் கடுதாசியைப் பார்த்தேன்.

"எனக்கும் ஒருக்கா வந்தது," என்றார் மெதுவாக. "என்ட மனுசன்ட குரல். வேற ஆரோடயோ கதைக்கிறார்."

"என்ன செஞ்சீங்க?"

"எழுதினன். பிழையில்லாம எழுதினன். பின்னேரம் வீட்ட போய் அவருக்குச் சாப்பாடு போட்டன்." பார்சலை முழுவதுமாக அவிழ்த்தார். "இண்டைக்கும் போடுறன். அவருக்கு நான் இங்க ரைப்பிங் சொல்லிக் குடுக்கிறதெண்டு நினைப்பு."

நாலாவது துண்டில்தான் உம்மாவின் குரல் வந்தது. சாச்சிக்காகப் பேசியது. காது கேட்காதவருக்குச் சொல்வதால் பழக்கதோஷத்தில் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நான் மில்லுக்கும் போய்க் கேட்டுட்டன். அப்பிடி ஒரு புள்ள அங்க இல்லையாம். நான் இவள்ட்ட ஒண்டும் கேக்கல்ல. கேட்டா இன்னொரு பொய் சொல்லுவா. அத நான் தாங்க மாட்டன்."

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் முதுகு கூசும். மில்லில் இன்று என்ன வேலை என்று உம்மா கேட்பார், அப்படி ஒரு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டே. லொறி வந்தது, தேங்காய்த் துருவல் ஏற்றினார்கள் என்று நான் சொல்வேன், அவருக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டே. அவர் "ஓம் ஓம்" என்று தலையாட்டுவார். ஒருநாள், "அந்த மனேச்சர்ர மகளுக்குச் சுகமா?" என்று கேட்டார். மனேச்சருக்கு மகள் இருப்பதாக நான் ஒருபோதும் சொன்னதில்லை. அது உம்மாவே உண்டாக்கிய மகள். "சுகம் உம்மா," என்றேன். இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். இல்லாத ஒரு பிள்ளையைச் சுகம் விசாரித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

ஐந்தாவது துண்டு ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. உம்மாவின் குரல் இந்தத் தரம் சத்தமாக இல்லை. வாயைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். என் காதோடு ஒட்டிச் சொல்வதுபோல் இருந்தது.

"நேத்து நானே போனன். படியில ஏறி கதவடியில நிண்டன். உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க. ஆனா ஒருத்தரும் கதைக்கிறல்ல. டக்கு டக்கெண்டு தட்டுற சத்தம் மட்டும்தான். கதவிடுக்கால பாத்தன். இவள்ட முதுகு தெரிஞ்சிச்சி. காத மூடிக்கிட்டு அசையாம இருந்தா. மகள் எண்டு கூப்பிட்டன். ரெண்டு தரம் கூப்பிட்டன். திரும்பல்ல. எனக்குப் பயம் பிடிச்சிட்டு. அது என்ட புள்ளதானா எண்டு..."

அதோடு துண்டு முடிந்தது.

எங்களுக்கு வருகிற துண்டுகள் எல்லாம் பழையவை. சில நாள், சில வேளை சில கிழமை. அந்த "நேத்து" எந்த நேற்று என்று எனக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் என் உம்மா எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். நான் யாரோ ஓர் அந்நியரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதன் கொண்டி சரியாக விழாது. அப்படியிருந்தும் அந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அந்தத் துண்டை எழுதவில்லை. எழுதாமல் விட்ட ஒரே துண்டு அதுதான். பையை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைப் பஸ்ஸில் ஏறினேன்.

உம்மா மெஷினில் இருந்தார். நேரத்தோடு என்னைக் கண்டதும் மிதியை நிறுத்தினார். பயந்துதான் எழும்பினார், அது கண்ணில் தெரிந்தது. நான் அவர் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"உம்மா, நான் மில்லுல வேல செய்யல்ல."

"தெரியும்," என்றார்.

"கதை கேக்குறதுதான் என்ட வேல. ஆக்கள் போனில கதைக்கிறது வரும். அதக் கேட்டு எழுதுறன். வெளியில சொல்லக் கூடாதெண்டு கையெழுத்து வாங்கினாங்க. வேற ஒண்டும் இல்ல உம்மா. அல்லாஹ் மேல ஆணையா வேற ஒண்டுமில்ல."

உம்மா என் தலையில் கை வைத்தார். கதவடியில் அவர் கேட்ட தட்டும் சத்தம் என்ன, அவர் கூப்பிட்டபோது நான் ஏன் திரும்பவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்போன் என்றால் என்ன என்று கையைக் காதில் பொத்திக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் ஒனக்கு ஜின்னு பிடிச்சிட்டெண்டு நினச்சன். ரெண்டு மாசமா ஓதி ஓதித் தண்ணி தாறன்." நானும் சிரித்தேன்.

பிறகு உம்மாவின் கை என் தலையில் அசையாமல் நின்றது.

"மகள். நான் கதவடிக்கி வந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அதைத் தவிர்த்திருக்கலாம். ஓட்டோ நானா சொன்னார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"நீங்க சாச்சிக்குக் கதைச்சது எனக்கு வந்திச்சி உம்மா."

"எல்லாமா?"

"அஞ்சு தரம்."

உம்மா கையை எடுத்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெஷின் மேல் கிடந்த போனைப் பார்த்தார். அதை ஒரு துவாயால் சுற்றி, அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்தினார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, காற்றுக் குரலில் என்னிடம் கேட்டார்: "இப்பவும் கேக்குதா?"

இன்னும் இரண்டு மாதம் அந்த வேலையில் இருந்தேன், வேறு வேலை கிடைக்கும்வரை. உம்மாவின் போனிலிருந்து அந்தச் செயலியை அன்றைக்கே அழித்துவிட்டேன். எங்கள் வீட்டுத் துண்டுகள் அதன்பின் வரவில்லை. அல்லது வேறு யாருக்காவது போயிருக்கும். இப்போது புத்தளம் டவுனில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சத்தத்துக்குக் குறைவில்லாத இடம். ஓட்டோ நானாவுக்கு உம்மா என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டால் அவர் முன்போலச் சிரிப்பார்.

உம்மா என்னோடு பேசாமல் விட்டதில்லை. சமையல், சம்பந்தம், சாமான் விலை எல்லாம் கதைப்பார். ஆனால் அவர் கதையில் பாதி நின்றுவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும். சாச்சிக்கு இப்போது தன் கையாலேயே எழுதப் பழகியிருக்கிறார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் எடுத்து எழுதுவார். போன கிழமை ஒரு சொல்லைத் தேடிக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். உதவி செய்யலாம் என்று பக்கத்தில் போனேன்.

"வேணாம் மகள்," என்றார். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். நான் குசினிக்குள் போகும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.